1996ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் அமெரிக்க மாநிலங்களின் நலத்திட்ட விதிகள்: வேறுபாடுகளும் அவற்றை ஒப்பிடும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வறிய குடும்பங்களுக்கு ரொக்க உதவி வழங்கிவந்த திட்டம் 1996ஆம் ஆண்டு அடிமுதல் மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் மாநிலங்களுக்கிடையே வேறுபாடு இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் உதவித்தொகையின் அளவைச் சார்ந்தது. சீர்திருத்தத்திற்குப் பின் தகுதி, பணி நிபந்தனை, ஒறுப்பு, கால வரம்பு, குடும்ப உச்சவரம்பு ஆகிய அனைத்தும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடலாயின. இக்கட்டுரை அவ்வேறுபாடுகளை வகைப்படுத்தி விளக்குகிறது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட விதிகள் இரு மாநிலங்களில் வெவ்வேறு பொருள் தருவதையும், வெவ்வேறு பெயர் கொண்ட விதிகள் ஒரே விளைவைத் தருவதையும் எடுத்துக்காட்டி, விதிகளைத் தனித்தனியே அன்றித் தொகுதியாகவே ஒப்பிட வேண்டும் என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: நலத்திட்டம், கூட்டாட்சி, தொகுப்பு மானியம், கால வரம்பு, ஒறுப்பு, குடும்ப உச்சவரம்பு, ஒப்பீட்டு ஆய்வு

1. முன்னுரை

ஒரு தாயும் இரு குழந்தைகளும் கொண்ட வறிய குடும்பம் ஒன்றைக் கருதுவோம். 1996ஆம் ஆண்டு சூலை மாதத்தில் இக்குடும்பம் மிசிசிப்பியில் வாழ்ந்திருந்தால், அரசிடமிருந்து பெறக்கூடிய மாத உதவித்தொகையின் உச்ச அளவு 120 டாலர். நியூயார்க் நகரில் அது 577 டாலர். அலாஸ்காவில் 923 டாலர். ஒரே நாட்டின் குடிமக்கள், ஒரே அளவான வறுமை, ஒரே பெயரிலான திட்டம். தொகையில் மட்டும் ஏழரை மடங்கிற்கு மேல் வேறுபாடு. அலாஸ்காவின் வாழ்க்கைச் செலவு மிகுதி என்பதைக் கணக்கில் கொண்டாலும் இவ்வேறுபாடு சிறிதன்று.

இந்த எண்கள் பழைய திட்டத்தின் இறுதிக் காலத்திற்குரியவை. அடுத்த மாதமே, 1996 ஆகஸ்டு 22ஆம் நாள், குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் புதிய நலச் சீர்திருத்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்பின் அக்குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய வினா, ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்பதோடு நிற்கவில்லை. கிடைக்குமா, எத்தனை மாதம் கிடைக்கும், எந்தத் தவற்றிற்கு எவ்வளவு குறையும், இன்னொரு குழந்தை பிறந்தால் என்னாகும் என வினாக்கள் பெருகின. அவை ஒவ்வொன்றிற்கும் மாநிலந்தோறும் வெவ்வேறு விடை உண்டு.

இவ்வேறுபாடுகளை அடுக்கிக் காட்டுவதோடு நில்லாமல், அவற்றை எவ்வாறு ஒப்பிட வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டாட்சி நாடு ஒன்றின் சமூகக் கொள்கையை ஆராயும் எவருக்கும், ‘மாநிலம்’ என்னும் அலகை எவ்வாறு அளப்பது என்பது அடிப்படை வினாவாகும்.

2. சீர்திருத்தத்திற்கு முந்தைய நிலை

தந்தையை இழந்த குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்க்கு உதவும் முயற்சி, அமெரிக்காவில் மாநிலங்களிலிருந்தே தொடங்கியது. 1911ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலம் மாநில அளவிலான முதல் தாய்மார் உதவிச் சட்டத்தை இயற்றியது. 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இம்முயற்சியை நாடு தழுவிய திட்டமாக மாற்றியது. ‘சார்ந்துள்ள குழந்தைகளைக் கொண்ட குடும்பங்களுக்கான உதவி’ எனப் பின்னர் பெயர்பெற்ற இத்திட்டத்தில், மாநிலம் செலவிட்ட தொகைக்கு ஏற்பக் கூட்டாட்சி அரசு தன் பங்கை அளித்தது. அப்பங்கு பாதிக்குக் குறையாது. வறிய மாநிலங்களுக்கு முக்கால் பங்கையும் தாண்டியது. எனவே ஒரு மாநிலத்தில் வறுமை கூடினால் கூட்டாட்சி நிதியும் தானே கூடியது.

தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநிலங்களிடமே இருந்தது. தகுதி விதிகளிலும் அவை தொடக்கத்தில் பெருமளவு தலையிட்டன. ‘தகுந்த இல்லம்’ என்னும் விதியைக் கொண்டு லூசியானா 1960ஆம் ஆண்டு இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். தாயுடன் உறவுகொண்ட ஆணைக் குழந்தையின் ‘மாற்றுத் தந்தை’யாகக் கருதி உதவியை மறுத்த அலபாமாவின் விதியை, உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டு கிங் எதிர் ஸ்மித் வழக்கில் செல்லாததாக்கியது. 1970ஆம் ஆண்டு கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில், முறையான விசாரணைக்கு வாய்ப்பளிக்காமல் உதவியை நிறுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் அதே ஆண்டு டான்ட்ரிட்ஜ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், குடும்பம் எவ்வளவு பெரிதாயினும் உதவித்தொகைக்கு ஓர் உச்ச அளவு விதித்த மேரிலாந்தின் விதியை ஏற்றுக்கொண்டது.

இத்தீர்ப்புகளை ஒருங்கே நோக்கின், 1970க்குப் பிந்தைய நிலைமை தெளிவாகிறது. தொகையில் மாநிலம் தன் விருப்பப்படி நடக்கலாம்; ஆனால் தகுதியுள்ள ஒருவரை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்ப இயலாது. தகுதி என்பது கூட்டாட்சிச் சட்டம் வரையறுத்த உரித்தாக இருந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் மாநிலங்கள் விதிவிலக்கு அனுமதி பெற்றுக் கால வரம்பு, குடும்ப உச்சவரம்பு போன்றவற்றைச் சோதித்துப் பார்த்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதிவிலக்குகளைப் பொதுவிதியாக்கியது எனலாம்.

3. 1996ஆம் ஆண்டுச் சட்டம்: நிதியும் விதியும்

புதிய சட்டம் பழைய திட்டத்தை நீக்கி, ‘தேவையுள்ள குடும்பங்களுக்கான தற்காலிக உதவி’ என்னும் திட்டத்தை நிறுவியது. அதன் அடிப்படை மாற்றங்கள் மூன்று.

முதலாவது, உரித்து நீக்கப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் எந்தத் தனிநபருக்கும் எந்தக் குடும்பத்திற்கும் உதவி பெறும் உரித்து இல்லை என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டது.

இரண்டாவது, நிதி உறைந்தது. மாநிலச் செலவிற்கேற்ப வளரும் பங்குநிதிக்கு மாற்றாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 கோடி டாலர் தொகுப்பு மானியமாக நிர்ணயிக்கப்பட்டது. அது விலைவாசியுடன் இணைக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டளவில் அதன் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. மானியத்தைப் பகிர்ந்தளிக்கப் பழைய திட்டத்தில் மாநிலங்கள் பெற்ற தொகையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. எனவே முன்னர்த் தாராளமாகச் செலவிட்ட மாநிலம் வறிய குழந்தை ஒன்றுக்கு அதிகமாகவும், முன்னர்ச் சிக்கனம் காட்டிய தென்மாநிலங்கள் மிகக் குறைவாகவும் பெற்றன. பழைய வேறுபாடு புதிய திட்டத்தின் அடித்தளத்திலேயே பதிந்துவிட்டது.

மூன்றாவது, விதிகள் மாநிலங்களிடம் விடப்பட்டன. கூட்டாட்சி நிதியைக் கொண்டு ஒரு குடும்பத்திற்கு 60 மாதங்களுக்கு மேல் உதவலாகாது. பயனாளிக் குடும்பங்களில் 20 விழுக்காட்டினருக்கு மட்டும் விலக்களிக்கலாம். உதவி பெறும் குடும்பங்களில் பாதிப்பேரேனும் சட்டம் குறித்த பணிகளில் ஈடுபட வேண்டும். பொதுவாக வாரத்திற்கு 30 மணிநேரம், ஆறு வயதிற்குட்பட்ட குழந்தையுள்ள ஒற்றைப் பெற்றோருக்கு 20 மணிநேரம் பணி வேண்டும். இவை கூட்டாட்சி அரசு வகுத்த எல்லைகள். இவற்றினுள் ஏறத்தாழ எல்லாவற்றையும் மாநிலமே முடிவு செய்யலாம். மாநிலம் தன் பழைய செலவில் 75 அல்லது 80 விழுக்காட்டைத் தொடர்ந்து செலவிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் அதை ரொக்க உதவியாகவே செலவிட வேண்டும் என்பதில்லை.

ஓர் எல்லையை மட்டும் உச்ச நீதிமன்றம் காத்தது. புதிதாகக் குடியேறிய குடும்பத்திற்கு, அது முன்பு வாழ்ந்த மாநிலத்தின் தொகையையே முதல் ஓராண்டு வழங்கலாம் எனப் புதிய சட்டம் அனுமதித்திருந்தது. கலிபோர்னியாவின் அத்தகைய விதியை 1999ஆம் ஆண்டு சாயென்ஸ் எதிர் ரோ வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியது. மாநிலங்கள் வேறுபடலாம், ஆனால் எல்லை கடந்து வந்தவரிடம் பழைய மாநிலத்தின் விதியைச் சுமத்தலாகாது என்பதே அதன் சாரம்.

4. விதிகள் வேறுபடும் இடங்கள்

4.1 தகுதியும் வருவாயும்

பழைய திட்டத்தில் குடும்பத்தின் சொத்து வரம்பு நாடு முழுவதும் 1,000 டாலராக இருந்தது. புதிய சட்டத்திற்குப் பின் ஒகையோ 1997ஆம் ஆண்டு சொத்து வரம்பையே நீக்கியது. வர்ஜீனியா 2003ஆம் ஆண்டிலும் லூசியானா 2009ஆம் ஆண்டிலும் அவ்வழியைப் பின்பற்றின. டெக்சாசிலோ 1,000 டாலர் வரம்பு உண்டு. சிறிது சேமித்து வைத்திருக்கும் குடும்பம் ஒரு மாநிலத்தில் உதவிக்குரியது. இன்னொன்றில் சேமிப்பைச் செலவழித்த பின்னரே உதவிக்குரியது.

உழைப்பு வருவாயைக் கணக்கிடும் முறையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஒரு தாய் மாதம் 625 டாலர் ஈட்டுகிறார் எனக் கொள்வோம். குழந்தைக் காப்பகச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழைய திட்டத்தில் ஓராண்டுப் பணிக்குப் பின் 90 டாலர் மட்டுமே கழிக்கப்படும். மீதி 535 டாலர் வருவாயாகக் கொள்ளப்பட்டு உதவித்தொகை அந்த அளவிற்குக் குறையும். 1998ஆம் ஆண்டுக் கலிபோர்னிய விதியின்படி முதல் 225 டாலரும் எஞ்சியதில் பாதியும் கழிக்கப்படும். கணக்கில் வருவது 200 டாலர். கனெக்டிகட் விதியின்படி வறுமைக்கோட்டிற்குட்பட்ட உழைப்பு வருவாய் முழுவதும் விலக்களிக்கப்படும். கணக்கில் வருவது சுழியம். ‘உழைப்பை ஊக்குவித்தல்’ என்பது எல்லா மாநிலங்களும் கூறும் நோக்கம். அதற்கு ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு விலை கொடுக்கிறது என்பது இக்கழிவு விதியில்தான் தெரிகிறது.

4.2 உதவித்தொகை

தொகையைப் பொறுத்தவரை மாநிலங்களின் போக்கு பலவாறாக உள்ளது. அலாஸ்கா தன் 923 டாலர் என்னும் உச்ச அளவைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மாற்றவில்லை. தொகை குறைக்கப்படவில்லை, ஆனால் விலைவாசி அதைக் குறைத்துவிட்டது. மிசிசிப்பி 1999ஆம் ஆண்டு 170 டாலராக உயர்த்தியது. அடுத்த உயர்வு 2021ஆம் ஆண்டில்தான் 260 டாலராக வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் 2017 முதல் தன் தொகையை வறுமைக்கோட்டின் 60 விழுக்காடாக இணைத்துவிட்டது. டெக்சாசும் வறுமைக்கோட்டுடன் இணைத்துள்ளது. அங்கு அளவு 17 விழுக்காடு.

2021ஆம் ஆண்டு மூவர் குடும்பத்தின் வறுமைக்கோடு மாதம் 1,830 டாலர். அக்கணக்கில் நியூ ஹாம்ப்ஷயர் 1,098 டாலர் வழங்கியது. மிசிசிப்பியின் உயர்த்தப்பட்ட தொகையும் வறுமைக்கோட்டின் 14 விழுக்காட்டளவே. உதவித்தொகையைக் கொண்டு மட்டும் வறுமைக்கோட்டை எட்டும் நிலை எந்த மாநிலத்திலும் இல்லை.

4.3 பணி நிபந்தனையும் ஒறுப்பும்

கைக்குழந்தையுள்ள தாய்க்குப் பணியிலிருந்து எவ்வளவு காலம் விலக்களிப்பது என்பதும் மாநிலத்தின் முடிவே. விஸ்கான்சின் 1997ஆம் ஆண்டு தன் திட்டத்தைத் தொடங்கியபோது 12 வார விலக்கே அளித்தது. குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை விலக்களிக்கும் மாநிலங்கள் பல. மாசசூசெட்ஸ் இரண்டு வயதுவரை விலக்களித்தது.

நிபந்தனையை நிறைவேற்றாதபோது விதிக்கப்படும் ஒறுப்பு இருவகைப்படும். கலிபோர்னியாவில் தவறிய பெற்றோரின் பங்கு மட்டும் குறைக்கப்படும். குழந்தைகளின் பங்கு தொடரும். டெக்சாஸ் 2003 முதல் குடும்பத்தின் முழு உதவியையும் நிறுத்தும் முறைக்கு மாறியது. பெரும்பான்மை மாநிலங்கள் முழுக்குடும்ப ஒறுப்பையே ஏற்றுள்ளன. தாய் ஒரு சந்திப்பிற்கு வரத் தவறினால் குழந்தையின் உணவுக்கும் உடைக்குமான பணம் நிற்க வேண்டுமா என்பதே இவ்வகைப்பாட்டின் பின்னுள்ள வினா. சட்ட வாசகத்தில் அது ஒரு நடைமுறை விதியாகவே தோன்றும்.

4.4 கால வரம்பு

60 மாதம் என்பது கூட்டாட்சி நிதிக்கான உச்சவரம்பு. மாநிலம் அதைக் குறைக்கலாம், தன் சொந்த நிதியால் நீட்டிக்கவும் செய்யலாம். அரிசோனா 60 மாதமாக இருந்ததை 2010ஆம் ஆண்டு 36 ஆகவும், 2011ஆம் ஆண்டு 24 ஆகவும், 2016ஆம் ஆண்டு 12 ஆகவும் குறைத்தது. கான்சஸ் 2011 முதல் 2016 வரை 60லிருந்து 48, 36, 24 எனப் படிப்படியாகக் குறைத்தது. கலிபோர்னியா 2011ஆம் ஆண்டு 48 ஆகக் குறைத்துப் பின்னர் 2022ஆம் ஆண்டு மீண்டும் 60 ஆக்கியது. நியூயார்க்கின் நிலை வேறு. வறியோரைப் பேணுதல் அரசின் கடமை என அம்மாநில அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு கூறுவதால், 60 மாதம் முடிந்த குடும்பங்கள் மாநில நிதியில் இயங்கும் மற்றொரு திட்டத்திற்கு மாற்றப்படுகின்றன.

4.5 குடும்ப உச்சவரம்பு

உதவி பெறும் காலத்தில் பிறக்கும் குழந்தைக்குக் கூடுதல் தொகை இல்லை என்னும் விதியை, விதிவிலக்கு அனுமதியின்கீழ் முதலில் கொண்டுவந்தது நியூ செர்சி. அதற்கான மாநிலச் சட்டம் 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதனை ஏற்றன. கலிபோர்னியா 2016ஆம் ஆண்டிலும் மாசசூசெட்ஸ் 2019ஆம் ஆண்டிலும் இதனைக் கைவிட முடிவு செய்தன. தொடங்கிவைத்த நியூ செர்சியே 2020ஆம் ஆண்டு இதனை நீக்கியது.

5. தனி விதியும் விதித் தொகுதியும்

மேற்கண்ட விதிகளை அட்டவணையாக்கி, ஒவ்வொரு மாநிலத்திற்கும் ‘உண்டு’, ‘இல்லை’ எனக் குறித்துக் கூட்டி, எது கடுமையான மாநிலம் எது தாராளமான மாநிலம் என வரிசைப்படுத்துவது ஒப்பீட்டு ஆய்வுகளில் வழக்கம். அம்முறை பயனுடையதே. எனினும் மூன்று இடங்களில் அது தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும்.

முதலாவது, ஒரே எண் வேறு பொருள் தருவது. இடாகோவிலும் மாசசூசெட்சிலும் கால வரம்பு 24 மாதம். ஆனால் இடாகோவில் அது வாழ்நாள் வரம்பு; மாசசூசெட்சில் அது எந்த 60 மாதத்திலும் 24 மாதம் என்னும் சுழல் வரம்பு. முன்னதில் கதவு மூடப்படுகிறது. பின்னதில் சிறிது காலம் சாத்தப்படுகிறது. அட்டவணையில் இரண்டும் 24 என்றே நிற்கும்.

இரண்டாவது, ‘இல்லை’ என்பது ‘உண்டு’ ஆவது. விஸ்கான்சினிலும் இடாகோவிலும் உதவித்தொகை குடும்பத்தின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. ஒரு குழந்தைக்கும் நான்கு குழந்தைகளுக்கும் ஒரே உச்ச அளவு. அங்கே குடும்ப உச்சவரம்பு என்னும் தனிவிதிக்குத் தேவையே இல்லை. புதிய குழந்தைக்குக் கூடுதல் தொகை இல்லை என்னும் விளைவோ முழுமையாக உண்டு. விதியின் பெயரைத் தேடும் ஆய்வாளர் இம்மாநிலங்களை ‘உச்சவரம்பு இல்லாதவை’ எனப் பதிவுசெய்தால், எண்ணிக்கை சரியாக இருக்கும், பொருள் பிழையாகும்.

மூன்றாவது, ஒரு விதி இன்னொரு விதியின் வலிமையை மாற்றுவது. 60 மாத வரம்பு முடிந்தபின் பெரும்பான்மை மாநிலங்களில் குடும்பம் முழுவதும் உதவியை இழக்கும். கலிபோர்னியாவில் பெற்றோரின் பங்கு மட்டும் நிற்க, குழந்தைகளின் பங்கு தொடரும். வருவாய்க் கழிவு தாராளமாக உள்ள மாநிலத்தில் பகுதிநேரப் பணி செய்யும் தாய் உதவியைத் தொடர்ந்து பெறுவார். ஆனால் அம்மாதங்களும் கால வரம்பில் எண்ணப்படுமாயின், சிறு தொகைக்காக அவர் தம் வாழ்நாள் இருப்பைச் செலவிடுகிறார். ஒரு விதியின் கருணை மற்றொரு விதியின் கடுமையாக மாறும் இடம் இது.

ஆகவே ஒப்பீட்டின் அலகு தனி விதியாக இருத்தல் போதாது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தை எடுத்துக்கொண்டு, விண்ணப்பித்த நாள் முதல் உதவி முடியும் நாள் வரை அதனை ஒவ்வொரு மாநிலத்தின் விதித் தொகுதி வழியாகவும் நடத்திப் பார்ப்பதே பொருத்தமான முறையாகும்.

6. வேறுபாட்டின் காரணங்கள்

மாநிலங்கள் இவ்வாறு பிரிந்து சென்றதற்கு வறுமையின் தன்மையே காரணம் எனக் கொள்ள இயலவில்லை. வறுமை மிகுந்த மாநிலங்களிலேயே தொகை குறைவாகவும் விதி கடுமையாகவும் இருப்பதைக் காண்கிறோம்.

நிதி அமைப்பு ஒரு காரணம். பழைய திட்டத்தில் ஒரு குடும்பம் நீங்கினால் மாநிலத்திற்கு மிச்சமாவது தன் பங்கு மட்டுமே. தொகுப்பு மானியத்தில் மிச்சம் முழுவதும் மாநிலத்திற்கே. பணிப் பங்கேற்பு விகிதக் கணக்கும் இதற்குத் துணைநின்றது. பயனாளிக் குடும்பங்களின் எண்ணிக்கை குறைந்த அளவிற்கு, எட்ட வேண்டிய 50 விழுக்காட்டு இலக்கும் குறையும். தகுதி விதிகளை மாற்றியதால் நேர்ந்த குறைவைச் சேர்க்கலாகாது என்று சட்டம் கூறினாலும், குடும்பங்கள் வேலை கிடைத்து நீங்கினவா, சலித்து விலகினவா என்று அக்கணக்கு கேட்பதில்லை. இச்சலுகையைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை 2005ஆம் ஆண்டிற்கு மாற்றி 2006ஆம் ஆண்டுச் சட்டமும், 2015ஆம் ஆண்டிற்கு மாற்றி 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை இறுக்கின.

இனம் மற்றொரு காரணம். சோ சாஸ், சான்ஃபோர்ட் ஷ்ரம் உள்ளிட்ட நால்வர் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பயனாளிகளில் கறுப்பினத்தவரின் விகிதம் மிகுந்த மாநிலங்கள் கடுமையான கால வரம்பையும் குடும்ப உச்சவரம்பையும் ஏற்கும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டியது. ‘தகுந்த இல்லம்’ விதியின் வரலாற்றை அறிந்தோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. அன்று வெளிப்படையாக இழைக்கப்பட்ட பாகுபாட்டை நீதிமன்றம் தடுக்க முடிந்தது. இன்று ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அனைவருக்கும் விதி ஒன்றே. பாகுபாடு மாநிலங்களுக்கிடையிலான வேறுபாட்டில் தங்கியிருப்பதால், அதனை எதிர்த்து வழக்காடுவது கடினமாகிறது.

7. விளைவுகள்

சீர்திருத்தத்தை ஆதரிப்போர் கூறும் வாதத்தையும் ஆராய வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஒற்றைத் தாய்மாரின் வேலைவாய்ப்பு உயர்ந்தது. குழந்தைகளின் வறுமை குறைந்தது. மாநிலங்கள் தத்தம் சூழலுக்கேற்பச் சோதித்தறியும் உரிமை பெற்றதும் ஒரு நன்மையே. கனெக்டிகட்டின் வருவாய் விதியும் ஒகையோவின் சொத்து விதியும் அவ்வுரிமையால் விளைந்தவை. எனினும் அதே காலத்தில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. உழைக்கும் வறியோர்க்கான வருமான வரிச் சலுகையும் 1993ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டிருந்தது. எனவே அம்முன்னேற்றம் முழுவதையும் புதிய விதிகளின் கணக்கில் எழுத இயலாது.

நீண்டகாலப் போக்கு வேறொன்றைக் காட்டுகிறது. 1996ஆம் ஆண்டு வறுமையில் இருந்த ஒவ்வொரு 100 குடும்பங்களுக்கும் 68 குடும்பங்கள் இவ்வுதவியைப் பெற்றன. 2020ஆம் ஆண்டு 21 குடும்பங்களே பெற்றன. தென்மாநிலங்கள் சிலவற்றில் இவ்வெண் பத்திற்கும் கீழே சென்றது. 1997ஆம் ஆண்டு திட்ட நிதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு ரொக்க உதவிக்குச் சென்றது. 2020ஆம் ஆண்டு அது 22 விழுக்காடாகச் சுருங்கியது. எஞ்சிய நிதி குழந்தைக் காப்பகம், பணிப்பயிற்சி போன்றவற்றிற்கும், சட்டத்தின் நான்கு பரந்த நோக்கங்களுள் ஒன்றின்கீழ் அடக்கத்தக்க வேறு பல செலவுகளுக்கும் சென்றது. மிச்சிகன் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கும் இந்நிதியைப் பயன்படுத்தியது. மிசிசிப்பியின் மாநிலத் தணிக்கையாளர் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை 9 கோடி டாலருக்கு மேற்பட்ட செலவினங்களைக் கேள்விக்குள்ளாக்கியது. பல்கலைக்கழகம் ஒன்றில் கைப்பந்து அரங்கம் எழுப்ப வழங்கிய தொகையும் அவற்றுள் அடங்கும். மூவர் குடும்பத்திற்கு 170 டாலருக்கு மேல் தர இயலாத மாநிலத்தில் பணம் இல்லாமல் இல்லை என்பதை அவ்வறிக்கை உணர்த்தியது.

8. ஆய்வாளர் கவனத்திற்குரியவை

இத்துறையில் ஆய்வு செய்வோர்க்கு அர்பன் இன்ஸ்டிட்யூட் நிறுவனம் தொகுத்துவரும் நலத்திட்ட விதிகள் தரவுத்தளம் முதன்மையான ஆதாரமாகும். மாநில அலுவலர்கள் பயன்படுத்தும் நடைமுறைக் கையேடுகளைப் படித்து, ஒவ்வொரு விதியும் எப்போது நடைமுறையில் இருந்தது என்பதை அது ஆண்டுவாரியாகப் பதிவுசெய்கிறது. சட்ட வாசகத்தை மட்டும் நோக்கும் ஆய்வைவிட இது ஒரு படி முன்னேற்றமாகும்.

எனினும் கையேட்டில் உள்ளதும் மேசையின் எதிரே நிகழ்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன்பே வேலை தேடியதற்கான சான்றைக் கேட்கும் விதி, தகுதியைத் தொடாமலேயே விண்ணப்பதாரரைக் குறைக்கும். ‘தகுந்த காரணம்’ இருப்பின் ஒறுப்பு இல்லை என்னும் விதியில், எது தகுந்த காரணம் என்பதை அலுவலரே முடிவு செய்கிறார். எனவே விதிகளைத் தொகுதியாக ஒப்பிட்ட பின், ஒறுப்பு எத்தனை குடும்பங்கள்மீது விதிக்கப்பட்டது, விண்ணப்பங்களில் எத்தனை ஏற்கப்பட்டன என்னும் நிருவாகத் தரவுகளோடு அவற்றை இணைத்துக் காணுதல் இன்றியமையாதது.

9. முடிவுரை

1996ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாநில வேறுபாட்டை உருவாக்கவில்லை; அதன் இயல்பை மாற்றியது. முன்னர்த் தொகை வேறுபட்டது, உரித்து பொதுவாக இருந்தது. பின்னர் உரித்து நீங்கியது, நிதி உறைந்தது, தகுதி முதல் கால வரம்பு வரை அனைத்தும் மாநில எல்லையில் மாறலாயின. இவ்விதிகளின் கடுமையைத் தனித்தனி எண்களால் அறிய இயலாது. 24 மாதம் என்பது ஓரிடத்தில் இறுதியும் மற்றோரிடத்தில் இடைவேளையும் ஆகிறது. குடும்ப உச்சவரம்பு ஏட்டில் இல்லாத மாநிலத்திலும் குழந்தைக்கான கூடுதல் தொகை இல்லாமற்போகிறது.

முன்னுரையில் கண்ட தாயும் இரு குழந்தைகளும் அட்டவணையின் ஒரு கட்டத்திற்குள் வாழ்வதில்லை. எல்லா விதிகளுக்கும் ஒரே நேரத்தில் உட்பட்டு வாழ்கின்றனர். ஒப்பீட்டு ஆய்வும் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.